கண்ணில் பூச்சி பறக்கிறதா? ஃப்ளோட்டரைப் புரிந்துகொண்டு அதோடு வாழ ஒரு முழுமையான வழிகாட்டி

வெளிச்சமான வானத்தையோ வெள்ளைச் சுவரையோ பார்க்கும்போது கண் முன்னால் ஒரு நூல், ஒரு புள்ளி, சில சமயம் சிலந்தி வலையின் ஒரு துண்டு மிதந்து போகிறது. அதை நேராகப் பார்க்கலாம் என்று கண்ணைத் திருப்பினால் அதுவும் கூடவே ஓடுகிறது. கண்ணை நிறுத்தினால் அது மட்டும் உடனே நிற்காமல் கொஞ்சம் சறுக்கிப் போய்த்தான் நிற்கிறது. "கண்ணில் பூச்சி பறக்கிறது" என்று நாம் சொல்வது இதைத்தான். கண் மருத்துவர்கள் ஃப்ளோட்டர் என்பார்கள்.

இதைப் பற்றி யாரிடம் கேட்டாலும் இரண்டில் ஒரு பதில்தான் வரும். ஒன்று, "அதெல்லாம் ஒன்றுமில்லை, எல்லாருக்கும் இருக்கும்." இன்னொன்று, "விட்டால் பார்வையே போய்விடும்." இரண்டுமே பாதி உண்மை. எத்தனை பூச்சி, எவ்வளவு பெரிய பூச்சி என்பதைவிட, அது எப்போது வந்தது என்பதுதான் இங்கே முக்கியம். பல வருடங்களாக இருக்கும் பத்து நூல்களைவிட, இன்று காலையில் திடீரென்று வந்த ஒரே ஒரு நூல் அதிகக் கவனம் கேட்கிறது.

அதனால், கடந்த சில நாட்களுக்குள் புதிதாக வந்திருந்தால் அடுத்த பகுதியை விட்டுவிட்டு நேராகப் படி 2-க்குப் போங்கள். மற்றதை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

படி 1: பார்ப்பது ஃப்ளோட்டர்தானா என்று உறுதி செய்யுங்கள்

கண்ணுக்குள்ளே லென்ஸுக்கும் விழித்திரைக்கும் நடுவில் இருக்கும் பெரிய இடத்தை விட்ரியஸ் என்கிற தெளிவான ஜெல் நிரப்பியிருக்கிறது. சுமார் 4 மில்லி இருக்கும். அதில் 98 சதவீதத்துக்கும் மேல் வெறும் தண்ணீர். மிச்சமிருக்கும் கொஞ்சத்தில் கொலாஜன் இழைகளும் ஹயலூரானிக் அமிலமும் உண்டு. இந்த இரண்டும்தான் தண்ணீரைப் பிடித்துவைத்து ஜெல்லாக நிறுத்துகின்றன. வயது ஏற ஏற அந்தப் பிடி தளர்கிறது. ஜெல்லின் நடுவே அங்கங்கே நீர்த்துப்போகிறது, தனித்தனியாக இருந்த இழைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டித் திரள்கின்றன. அந்தத் திரளில் வெளிச்சம் பட்டு, அதன் நிழல் விழித்திரையில் விழுகிறது. நாம் பார்ப்பது அந்த நிழலைத்தான்.

இதைப் புரிந்துகொண்டால் பல குழப்பங்கள் தீரும். வெயிலில் ஏன் அதிகமாகத் தெரிகிறது? வெளிச்சத்தில் கண்ணின் பாவை சுருங்குகிறது, சிறிய துளை வழியாக வரும் ஒளியில் நிழல் கூர்மையாக விழுகிறது. இரவில் பாவை விரிந்ததும் அதே நிழல் கலங்கிக் காணாமல் போகிறது. ஒரு நூல் பளிச்சென்றும் இன்னொன்று புகைபோலவும் தெரிவது ஏன்? விழித்திரைக்கு அருகில் இருப்பதன் நிழல் தெளிவாக இருக்கும், தள்ளி இருப்பதன் நிழல் மங்கலாக இருக்கும். அதாவது, கரேலென்று தெரிகிறது என்பதற்காக அது ஆபத்தானது என்று அர்த்தமில்லை.

ஃப்ளோட்டர்போலத் தோன்றி, ஆனால் ஃப்ளோட்டர் அல்லாத சில விஷயங்கள் உண்டு:

- இமைத்ததும் நகர்ந்துபோகிற அல்லது மறைகிற கறை: பெரும்பாலும் கண்ணின் மேற்பரப்பில் இருக்கும் பீளையோ கண்ணீர்ப் படலமோதான்.
- நீல வானத்தில் துறுதுறுவென்று ஓடுகிற மிகச் சிறிய வெள்ளைப் புள்ளிகள்: விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் ஓடும் வெள்ளை அணுக்கள். ஆரோக்கியமான கண்ணிலும் தெரியும்.
- நெளிநெளியாக மின்னும் கோடு, மெல்லப் பெரிதாகி 20 முதல் 30 நிமிடத்தில் மறைவது, ஒரு கண்ணை மூடினாலும் மற்றதில் தெரிவது: ஒற்றைத் தலைவலியின் முன்னோட்டமாக இருக்க வாய்ப்பு அதிகம். தலைவலி வராமலும் இது வரும். முதல்முறை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.
- நீந்தாமல் பார்வையில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் கறை: இது ஃப்ளோட்டர் அல்ல. விழித்திரையிலோ நரம்பிலோ பிரச்சினை இருக்கலாம். தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும்.

கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பட்டால் கூசி, கூடவே பூச்சியும் பறந்தால் அது கண்ணுக்குள் அழற்சியாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சையே வேறு. குழந்தைகள் "கண்ணில் ஏதோ பறக்கிறது" என்று சொன்னாலும் வயதின் மேல் பழி போட முடியாது, காட்டிவிடுவதே சரி.

படி 2: இன்றே போக வேண்டுமா?

ஜெல் நீர்த்துச் சுருங்கிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் விழித்திரையிலிருந்து பின்பக்கமாக விலகுகிறது. மருத்துவச் சீட்டில் பி.வி.டி. என்று எழுதியிருந்தால் அது இதுதான். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இது சகஜம். கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கும், கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கும், கண்ணில் அடிபட்டவர்களுக்கும் முன்னதாகவே வரலாம். இது நோயே அல்ல. பெரும்பாலானோருக்கு ஜெல் சமர்த்தாக விலகி, ஒன்றிரண்டு ஃப்ளோட்டரை விட்டுவிட்டுப் போய்விடும்.

சிக்கல் எங்கே என்றால், சில இடங்களில் ஜெல் விழித்திரையோடு கெட்டியாக ஒட்டியிருக்கும். சுவரில் ஒட்டிய காகிதத்தைப் பிய்க்கும்போது சுண்ணாம்பும் சேர்ந்து பெயர்வதுபோல, அந்த இடத்தில் விழித்திரை கிழிந்துவிடலாம். புதிதாகப் பூச்சியும், கண்ணுக்குள் மின்னல் வெட்டுவதுபோன்ற ஒளியும் வந்து மருத்துவரிடம் போகிறவர்களில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கு இப்படி ஒரு கிழிசல் இருக்கிறது. கிழிசல் வழியாக நீர் புகுந்து விழித்திரையைக் கண்ணின் உட்சுவரிலிருந்து தூக்கிவிட்டால் அது விழித்திரை விலகல். கிழிசலாக இருக்கும்போதே பிடித்தால் லேசரில் முடிகிற வேலை, விலகிய பிறகு பெரிய அறுவை சிகிச்சையாகிறது.

கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள்:

- திடீரென்று புதிதாகப் பூச்சி வந்தது, அல்லது பழையது சட்டென்று பெருகியது
- மிளகுப்பொடி தூவியதுபோல நிறையச் சின்னக் கரும்புள்ளிகள், அல்லது புகை, மை கலந்ததுபோன்ற கலங்கல்
- பார்வையின் ஓரத்தில் மின்னல் வெட்டு, குறிப்பாக இருட்டில் கண்ணை அசைக்கும்போது
- ஒரு பக்கத்திலிருந்து கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ ஒரு திரை இறங்குவது
- பார்வை மங்குவது, நேர்க்கோடு வளைந்து தெரிவது

இதில் கடைசி இரண்டும் அவசரப் பிரிவுக்கே போக வேண்டிய விஷயம். நடுப்பார்வையைத் தரும் மாக்குலா என்ற பகுதி விலகுவதற்கு முன் அறுவை நடந்தால் பார்வை நன்றாகத் தேறும். அதுவும் விலகிவிட்டால் முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. நாள் கணக்கில்கூட அல்ல, சில சமயம் மணிக் கணக்கில் வித்தியாசம் வரும்.

வலி வரும்வரை பார்ப்போம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். விழித்திரைக்கு வலி தெரியாது. அது கிழிந்தாலும் வலிக்காது, முழுதாகப் பெயர்ந்தாலும் வலிக்காது. பலர் தாமதித்துப் போவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. உங்களுக்குத் திடீரென்று வரும் பூச்சிக்கூட்டம் ஜெல்லின் முதுமை அல்லாமல் ரத்தக் கசிவாக இருக்கலாம். விழித்திரையில் புதிதாக முளைக்கும் பலவீனமான குழாய்கள் உடைந்து விட்ரியஸுக்குள் ரத்தம் பரவும். சிவப்பாகவோ கறுப்பாகவோ இழை இழையாகப் படரும். இதற்கும் அன்றே பார்க்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடிய சின்னப் பரிசோதனை ஒன்று உண்டு. ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடிக்கொள்ளுங்கள். எதிரே ஒரு புள்ளியைப் பார்த்தபடி, கண்ணை நகர்த்தாமல், மேலே, கீழே, இடம், வலம் நான்கு ஓரமும் தெரிகிறதா என்று கவனியுங்கள். பிறகு மற்றக் கண். இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருந்தால் ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும், அதனால்தான் தனித்தனியாகப் பார்க்கச் சொல்கிறேன். இதில் எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் மேலே சொன்ன அறிகுறி இருந்தால் போய்த்தான் ஆக வேண்டும். சிறு கிழிசல் இந்தச் சோதனையில் சிக்காது.

படி 3: மருத்துவரிடம் என்ன நடக்கும்

கண்ணாடி பவர் பார்க்கும் பரிசோதனை இதற்குப் போதாது. பாவையை விரித்து, விழித்திரையின் ஓரம்வரை பார்க்க வேண்டும். கிழிசல்கள் பெரும்பாலும் ஓரத்தில்தான் வரும். ஆகவே சந்திப்புக்குப் பதிவு செய்யும்போதே "புதிதாகப் பூச்சி பறக்கிறது, மின்னல் தெரிகிறது" என்று சொல்லிவிடுங்கள். வெறுமனே "கண் செக்கப்" என்றால் அடுத்த மாதம் தேதி கொடுத்துவிடுவார்கள்.

சொட்டு மருந்து விட்டு 20, 30 நிமிடம் உட்காரவைப்பார்கள். சிலருக்கு இரண்டு மூன்று முறை விட வேண்டியிருக்கும். பாவை விரிந்ததும் கிட்டத்தில் எழுத்து மங்கும், வெளிச்சம் கூசும், நாலைந்து மணி நேரம் அப்படித்தான் இருக்கும். வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், துணைக்கு ஒருவரையும் கறுப்புக் கண்ணாடியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

முதலில் ஒரு இயந்திரத்தில் தாடையை வைக்கச் சொல்லி, கண்ணுக்கு முன்னால் ஒரு லென்ஸைப் பிடித்துப் பார்ப்பார். ஜெல்லுக்குள் பழுப்பு நிறத் துகள் மிதக்கிறதா என்று தேடுவார். அது இருந்தால் எங்கோ கிழிசல் இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்ததாகத் தலையில் விளக்கு மாட்டிய கருவியோடு, உங்களைச் சாய்த்துப் படுக்கவைத்து, "மேலே பாருங்கள், மேலே வலது, வலது, கீழே வலது" என்று ஒவ்வொரு திசையாகச் சொல்லிக்கொண்டே போவார். சில இடங்களில் இமைக்கு மேலிருந்து ஒரு சிறு கருவியால் லேசாக அழுத்துவார். ஓரத்தில் இருப்பதை உள்ளே தள்ளிப் பார்ப்பதற்காக அது. கொஞ்சம் அசௌகரியம்தான், விளக்கும் கண்ணைக் கூசவைக்கும். ஆனால் இந்த ஐந்து நிமிடம்தான் முழு வருகையிலும் மதிப்புள்ளது, பொறுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ரத்தம் கலங்கி எதுவும் தெரியவில்லை என்றால் அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள்.

ஏன் இவ்வளவு பாடுபட்டு ஒரு சிறு கிழிசலைத் தேடுகிறார்கள் என்றால், அதன் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1920-கள் வரை விழித்திரை விலகினால் அந்தக் கண் போனதுதான். விலகலுக்குக் காரணம் கிழிசல்தான், அதைக் கண்டுபிடித்து அடைத்தால் விழித்திரை மறுபடி ஒட்டும் என்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஜூல் கோனான் என்ற மருத்துவர் செய்து காட்டினார். இன்றுவரை அடிப்படை அதேதான்: துளையைக் கண்டுபிடி, அடை.

கேட்க வேண்டிய கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஜெல் முழுதாக விலகிவிட்டதா, பாதியில் நிற்கிறதா? கிழிசலோ மெலிந்த இடமோ உண்டா? மறுபடி எப்போது வர வேண்டும்? எந்த மாற்றம் வந்தால் அதற்கு முன்னாலேயே வர வேண்டும்?

கிழிசல் இருந்தால் பெரும்பாலும் அன்றே லேசர் செய்வார்கள். கிழிசலைச் சுற்றிலும் சிறு சூட்டுப் புள்ளிகள் வைத்து, அங்கே தழும்பு உண்டாக்கி, நீர் புகாமல் செய்வது அது. தழும்பு கெட்டிப்பட இரண்டு வாரம் போல ஆகும், அதுவரை அவர் சொல்லும் கட்டுப்பாடுகளைக் கேளுங்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: லேசர் கிழிசலைத்தான் அடைக்கும். பூச்சி அப்படியே இருக்கும்.

படி 4: முதல் சில வாரங்கள்

"கிழிசல் ஏதுமில்லை" என்ற பதிலோடு வீட்டுக்கு வந்தாயிற்று. ஆனால் ஜெல் விலகுவது ஒரே நாளில் முடிகிற காரியம் அல்ல, வாரக்கணக்கில் நடக்கும். முதல் பரிசோதனையில் சுத்தமாக இருந்த கண்ணில் பிறகு கிழிசல் வருவது அரிது, ஆனால் வரும். அதனால்தான் நான்கு முதல் ஆறு வாரத்தில் மறுபடி வரச் சொல்கிறார்கள். பூச்சி குறைந்துவிட்டதே என்று அந்த இரண்டாவது வருகையைத் தவிர்க்காதீர்கள்.

இந்த வாரங்களில் தினமும் ஒரு முறை, ஒரே நேரத்தில், முன்பு சொன்ன ஒற்றைக் கண் சோதனையைச் செய்தால் போதும். மின்னல் சில வாரங்கள் நீடிப்பது வழக்கம்தான். குறைந்துகொண்டே வந்தால் நல்லது. அதிகரித்தாலோ புதுப் புள்ளிகள் சேர்ந்தாலோ மறுபடி போங்கள், "போன வாரம்தானே பார்த்தோம், என்ன நினைப்பார்களோ" என்ற கூச்சம் வேண்டாம். அதற்காகத்தான் அவர்கள் இருக்கிறார்கள்.

படி 5: பூச்சியோடு வாழ்வது

கண் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகும் பலருக்குப் பூச்சி தொல்லையாகவே இருக்கிறது. இதைத்தான் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பப்பட்டவர் வீட்டுக்கு வந்து வெள்ளைச் சுவரை உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நடுப்பார்வையில் ஒரு மங்கலான திரள் குறுக்கே வந்து வந்து போனால் படிப்பது நிஜமாகவே கஷ்டம். அது மனப்பிரமை அல்ல. பார்வைப் பலகையில் கடைசி வரிவரை படிக்க முடிகிறவருக்கும், வெளிர், அடர் சாயல்களுக்கு இடையிலான சிறு வேறுபாட்டைப் பிரித்துப் பார்க்கும் திறன் ஃப்ளோட்டரால் குறையலாம்.

நல்ல செய்தி என்னவென்றால், பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் இது தணிகிறது. பூச்சி கரைந்துபோவதில்லை. இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. ஒன்று, திரள் மெல்ல நடுப்பார்வையை விட்டு விலகியோ விழித்திரையிலிருந்து தள்ளியோ போகிறது. இரண்டு, மூளை அதைக் கழித்துவிடப் பழகுகிறது. உங்கள் மூக்கின் நுனி எப்போதும் உங்கள் பார்வைக்குள்தான் இருக்கிறது, இப்போது நான் சொல்லும்வரை அதைக் கவனித்தீர்களா?

இந்தப் பழக்கத்துக்கு ஒரே எதிரி தேடிப் பார்ப்பது. காலையில் எழுந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் "இருக்கிறதா, கூடியிருக்கிறதா" என்று பார்ப்பது, அதைப் படம் வரைந்து நேற்றோடு ஒப்பிடுவது, நாள் முழுக்க அதைப் பற்றித் தேடிப் படிப்பது. ஒவ்வொரு முறை தேடும்போதும் "இது முக்கியம்" என்று மூளைக்குச் சொல்கிறோம். முக்கியமென்று சொன்னதை அது ஏன் மறைக்கும்? கிட்டப்பார்வை உள்ள இளைஞர்கள் பலர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களது ஃப்ளோட்டர் மிகச் சிறியது, ஆனால் விழித்திரைக்கு மிக அருகில் இருப்பதால் தெளிவாகத் தெரியும், கவனமும் அங்கேயே போய் நிற்கும். தினமும் ஒரு முறை மட்டும் சோதனை என்று மேலே சொன்னதற்குக் காரணம் இதுவும்தான். இரண்டாவது பரிசோதனையும் நல்லபடியாக முடிந்துவிட்டால் அந்தத் தினசரி சோதனையையும் விட்டுவிடுங்கள். மாற்றம் வந்தால் தானாகத் தெரியும்.

தூக்கம் கெட்டு, வெளியே போகவே பயமாக இருக்கிறது என்ற அளவுக்குப் போனால் மனநல ஆலோசகரைப் பார்ப்பதில் தயங்க ஒன்றுமில்லை. கவனத்தை மடைமாற்றும் பயிற்சி காதிரைச்சல் உள்ளவர்களுக்கு எப்படி உதவுகிறதோ, அதே அடிப்படையில் இதற்கும் பயன்படும்.

அன்றாடத்தில் உதவுகிற சில:

திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, வெள்ளைப் பின்னணிக்குப் பதிலாகக் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக மாற்றிக்கொள்ளுங்கள். கணினியில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே பாதி நிம்மதி தரும். வெளியே போகும்போது கறுப்புக் கண்ணாடி போட்டால் பாவை அவ்வளவாகச் சுருங்காது, நிழலும் மங்கும். படித்துக்கொண்டிருக்கும்போது ஒரு திரள் சரியாக எழுத்தின் மேல் வந்து உட்கார்ந்தால், கண்ணை மேலும் கீழுமாக இரண்டு மூன்று முறை அசையுங்கள். உள்ளே திரவம் சுழன்று திரள் தற்காலிகமாக ஒதுங்கும். பக்கவாட்டில் அசைப்பதைவிட இது நன்றாக வேலை செய்யும். கண்ணைக் கசக்க வேண்டாம், பலனும் இல்லை, கண்ணுக்கு நல்லதும் இல்லை.

படி 6: மருந்து, லேசர், அறுவை

ஃப்ளோட்டரைக் கரைக்கும் என்று நிரூபிக்கப்பட்ட சொட்டு மருந்தோ மாத்திரையோ கிடையாது. பழம், மூலிகை, கண் பயிற்சி என்று சொல்பவர்கள் நிறைய. சாப்பிட்டு மூன்று மாதத்தில் குறைந்தது என்று ஒருவர் சொன்னால் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்க மாட்டேன். சாப்பிடாமல் இருந்தாலும் மூன்று மாதத்தில் குறைந்திருக்கும், அவ்வளவுதான். கண்ணில் எதையாவது ஊற்றும் வைத்தியத்துக்கு மட்டும் இடமே கொடுக்காதீர்கள்.

யாக் லேசர் என்று ஒன்று உண்டு. திரளின் மேல் லேசரைக் குறிபார்த்துச் சிதறடிப்பது. 2017-இல் வெளியான ஒரு ஆய்வில் 52 பேரைப் பிரித்து, சிலருக்கு நிஜ லேசரும் சிலருக்குப் பாவனை லேசரும் செய்தார்கள். ஆறு மாதம் கழித்து, நிஜ லேசர் பெற்றவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் நன்றாகக் குறைந்தது அல்லது முழுசாகப் போனது என்றார்கள். பாவனைக் குழுவில் அப்படிச் சொன்னவர் யாருமில்லை. ஆனால் ஆய்வு சிறியது, சேர்த்துக்கொண்டவர்களும் வளையம்போன்ற ஒற்றைப் பெரிய திரள் உள்ளவர்கள். விழித்திரைக்கு ஒட்டினாற்போல் இருக்கும் மெல்லிய நூல்களுக்கு இது ஏற்றதல்ல. குறி தவறினால் லென்ஸிலோ விழித்திரையிலோ படும் ஆபத்தும் உண்டு.

விட்ரெக்டமி என்பது ஜெல்லையே வெட்டி உறிஞ்சி எடுத்துவிட்டு உப்புநீர்க் கரைசலை நிரப்புவது. 1970-களின் தொடக்கத்தில் ராபர்ட் மாஹெமர் உருவாக்கிய முறை. இன்று அரை மில்லிமீட்டர் அளவுத் துளைகள் வழியாகவே செய்கிறார்கள். பூச்சியை ஒழிப்பதில் இதற்கு இணை இல்லை. ஆனால் விலையும் இருக்கிறது: ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அடுத்த ஓரிரு வருடங்களில் கண்புரை வருவது ஏறக்குறைய நிச்சயம். விழித்திரை கிழிவதும் விலகுவதும் சிலருக்கு நேரும். அரிதாகக் கண்ணுக்குள் கிருமித் தொற்று வந்தால் பார்வையே போகலாம். பார்வை நன்றாக இருக்கும் கண்ணில் இத்தனையையும் ஏற்பதா என்பது சாதாரண முடிவல்ல. என் கருத்து, ஆறு மாதமாவது பொறுத்துப் பார்க்காமல் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். அதன் பிறகும் வண்டி ஓட்டவோ வேலை செய்யவோ முடியாத அளவுக்குத் தொந்தரவு இருந்தால், விழித்திரை நிபுணர் இருவரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். முதல் சந்திப்பிலேயே அறுவைக்கு அவசரப்படுத்துகிறவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். "எத்தனை வருடம் ஆனாலும் பழகிக்கொள்ளுங்கள்" என்று காது கொடுக்காமல் அனுப்புகிறவரிடமும் அப்படியே.

கடைசியாக, மற்றக் கண். ஒரு கண்ணில் ஜெல் விலகியவர்களில் பெரும்பாலானோருக்குச் சில வருடங்களுக்குள் இன்னொரு கண்ணிலும் விலகும். முதல் கண்ணில் கிழிசல் இருந்திருந்தால் இரண்டாவதிலும் வர வாய்ப்பு சராசரியைவிட அதிகம். அப்போது "இது ஏற்கெனவே தெரிந்ததுதானே" என்று விட்டுவிடத் தோன்றும். அந்தக் கண்ணுக்கு அது புதிது, மறுபடி படி 2-லிருந்து தொடங்க வேண்டும்.